நைஜீரியாச் சிநேகிதனின் கலியாணத்துக்குப் போகலாமோ? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நைஜீரியாவின் இசேயின் என்ற சிறு நகரத்தில் ஒரு சிநேகிதனின் வீட்டில் தங்கியதைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வழக்கமாக விசா, விமானச் சீட்டு என்று வரும் கடிதங்களுக்கு நடுவில் இந்த முறை நைஜீரியாதான் நிரம்பி வழிகிறது. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒன்றுக்கு விரிவாகவும் மற்றதுகளுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணை, கட்டாரில் என்னோடு ஒரே அறையில் இருந்த நைஜீரியப் பெடியன் ஊருக்குத் திரும்பிவிட்டான். டிசம்பரில் அவனுக்குக் கலியாணம், கட்டாயம் வா என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஊர் இக்போ ஓரா, ஒயோ மாநிலம். அம்மா "ஆபிரிக்காவுக்கோ, உனக்கென்ன விசரோ?" என்கிறா. போகலாமோ? எப்படிப் போவது, எதைக் கவனிக்க வேண்டும்? – ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: போங்கோ தம்பி. ஆனால் அம்மாவின் பயத்தைச் சும்மா தள்ளிவிட வேண்டாம், அதில் பாதி நியாயம் இருக்கிறது. பொகோ ஹராம் என்று செய்திகளில் வருவது நாட்டின் வடகிழக்கு மூலை, போர்னோ பக்கம். உங்கள் சிநேகிதனின் ஊர் தென்மேற்கில், யொரூபா மக்களின் பகுதியில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தூரம். இதை அம்மாவுக்கு வரைபடத்தில் காட்டுங்கள். மற்றப் பாதியையும் மறைக்காமல் சொல்கிறேன். இக்போ ஓரா இருக்கும் இபாரப்பா பகுதியிலும் 2020, 2021இல் ஆட்கடத்தல்கள் நடந்தன, 2021 ஜூனில் பக்கத்து இகங்கான் ஊருக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஆட்களைக் கொன்றார்கள். ஆகவே இரவில் பெருந்தெருவில் பயணம் செய்வதில்லை என்பதை ஒரு விரதம் மாதிரி வைத்திருங்கள். விமானம் பொழுதுபட வந்து இறங்கினால் அன்றிரவு லாகோஸிலேயே தங்கிவிடுங்கள். பாதை இப்போது எப்படி இருக்கிறது என்று இணையத்தில் தேடுவதைவிடச் சிநேகிதனிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால் அவன் மாமனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தலைநகர் அபூஜாவில் இருந்த எங்கள் இலங்கைத் தூதரகத்தை 2021 கடைசியில், டொலர் தட்டுப்பாட்டு நேரத்தில், செலவைக் குறைக்கவென்று மூடிவிட்டார்கள். அங்கே பாஸ்போட்டைத் தொலைத்தால் ஓடிப்போய் நிற்க ஒரு வாசற்படி இல்லை. பாஸ்போட்டின் பிரதி ஒன்றை உங்களிடமும், ஒன்றைச் சிநேகிதனிடமும், ஒன்றை வீட்டிலும் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

விசா கட்டாயம் வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கும் இ-விசா முறை வந்திருக்கிறது. சிநேகிதனின் அழைப்புக் கடிதத்தைக் கேட்பார்கள். அதில் உங்களுக்கான பொறுப்பைத் தான் ஏற்பதாக அவன் எழுதித் தரவேண்டும், வட்ஸ்அப்பில் "வா மச்சான்" என்று அனுப்பியதைக் காட்டிப் பலனில்லை.

அடுத்தது ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட மஞ்சள் அட்டை இல்லாமல் போகவே கூடாது. நைஜீரியாவில் இறங்கும்போதும் கேட்பார்கள், திரும்பிக் கட்டுநாயக்காவில் இறங்கும்போதும் கேட்பார்கள். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லுபடியாகும், ஆகவே பயணத்துக்கு முதல்நாள் ஓடாதீர்கள். ஒரு தரம் போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் பத்து வருடக் கணக்கை எடுத்துவிட்டது.

மலேரியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் கதைக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். உலகத்தில் மலேரியா வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நைஜீரியாவில் இருக்கிறார். எங்கள் நாட்டிலோ உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல், மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் 2016இல் கிடைத்தது. அதனால் எங்கள் உடம்பில் எந்த எதிர்ப்பும் இல்லை. அங்கத்தைய பெரியவர்கள் மலேரியாவை இரண்டு நாள் தடிமன் மாதிரிச் சொல்லிச் சிரிப்பார்கள், நீங்கள் சேர்ந்து சிரிக்க வேண்டாம். மலேரியா தடை இயக்கத்தில் பயணத்துக்கு முன்பே இலவசமாகத் தடுப்பு மருந்து தருகிறார்கள், யாழ்ப்பாணத்திலும் அவர்களின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்று சொன்னால் எது பொருத்தம் என்று பார்த்துத் தருவார்கள். வீட்டு அலுமாரியில் கிடக்கிற பழைய குளோரோகுயின் அங்கே வேலை செய்யாது. திரும்பி வந்த பிறகும் சொன்ன காலம் வரைக்கும் மருந்தை விழுங்கி முடிக்க வேண்டும், பிளேன் இறங்கியதும் மிச்சக் குளிசையைக் குப்பையில் போடுகிறவர்கள்தான் பிறகு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். முக்கியமானது இதுதான்: நீங்கள் கலியாணம் முடித்து வரும்போது இங்கே மழைக்காலம், டெங்குக் காலம். காய்ச்சல் என்று போனால் டொக்டருக்கு முதலில் டெங்குதான் நினைவில் வரும். அவர் கேட்காவிட்டாலும் "நான் நைஜீரியாவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கோ" என்று நீங்களே சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்து வந்த காய்ச்சலென்றாலும் சொல்லுங்கள். மன்னாரில் 2017இல் நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் பெருகும் புது மலேரியா நுளம்பு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆகவே இது உங்கள் ஒருவருடைய உடம்பை மட்டும் பற்றிய சங்கதி இல்லை.

சரி, பாதைக்கு வருவோம். கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. டோஹா வழியாக லாகோஸ் போவது உங்களுக்குப் பழகின பாதைதான். லாகோஸிலிருந்து இபாடானுக்கு 2021இல் ஓடத் தொடங்கிய புது ரயில் இருக்கிறது, 157 கிலோமீற்றர் பாதை. அதில் ஏறி நடுவில் அபெயோகுட்டாவில் இறங்குங்கள், அங்கிருந்து இக்போ ஓராவுக்கும் அதைத் தாண்டி இசேயினுக்கும் தெரு போகிறது. ரயிலைத் தாக்கினார்கள் என்று செய்தியில் வந்ததே என்று பயப்பட வேண்டாம், 2022இல் தாக்கப்பட்டது அபூஜாவிலிருந்து கடுனா போகும் ரயில், இதுவல்ல. அபெயோகுட்டா நிலையத்துக்குச் சிநேகிதனை வரச்சொல்லுங்கள். தனியாக "மோட்டர் பார்க்" என்கிற வாடகைக் கார் நிலையத்துக்குப் போனால், கார் நிரம்பும்வரை புறப்படாது. முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலு பேர், பிறகு யாரோ ஒருவரின் கோழி. காலை நீட்ட வேண்டுமென்றால் இரண்டு இருக்கைக்குக் காசு கொடுப்பார்கள், அதை ஒருவரும் பெருமை என்று நினைப்பதில்லை. ஊருக்குள் ஓடுவது கேகே, அதாவது எங்கள் ஓட்டோவேதான், அதே இந்திய பஜாஜ். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓடுவதை ஒகாடா என்பார்கள். ஹெல்மெட் எதிர்பார்க்க வேண்டாம், ஏறாமல் விட்டால் இன்னும் நல்லது.

காசு: புத்தம் புது நூறு டொலர்த் தாள்களாகக் கொண்டு போங்கள், மடிந்ததையும் சின்னத் தாளையும் குறைந்த விலைக்குத்தான் எடுப்பார்கள். 2023 நடுப்பகுதிக்கு முன் ஒரு டொலருக்கு 460 நைரா அளவில் இருந்தது, 2024இல் 1500ஐயும் தாண்டியது. அங்கே இருக்கிற மிகப் பெரிய தாளே 1000 நைராதான், ஆகவே நூறு டொலரை மாற்றினால் சேர்ட் பொக்கற்றில் அடங்காது. சிறு ஊர்களில் ஏ.டி.எம். வரிசையைவிடத் தெருவோரக் குடைக்குக் கீழே அட்டை மெசினோடு இருக்கிற பெண் பிள்ளைதான் வங்கி. நீங்கள் அவள் கணக்குக்குக் காசு அனுப்ப, அவள் கொமிஷனை எடுத்துக்கொண்டு தாளை எண்ணித் தருவாள். எங்கள் வங்கி அட்டை அந்த மெசினில் வேலை செய்யும் என்று நம்பிப் போக வேண்டாம்.

எங்கே தங்குவதென்று கேட்டால் சிநேகிதனின் வீட்டில்தான். ஹோட்டல் எடுத்தால் அவன் தாய் கோபிப்பா. சிறு ஊரின் வசதியே இதுதான், லாகோஸில் நீங்கள் ஒரு வெளிநாட்டுக்காரன், இங்கே "இன்னாரின் விருந்தாளி". நான் இசேயினில் இறங்கிய அன்று மாலைக்குள் முடிவெட்டுகிறவர், மருந்துக்கடைக்காரர், பள்ளிவாசல் பெரியவர் எல்லாருக்கும் நான் யார் வீட்டுக்கு வந்தவன் என்று தெரிந்திருந்தது. அடுத்த நாள் வழி தவறி நெசவுத் தெருவில் நின்றபோது ஒருவரும் எங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை, ஒரு சின்னப் பெடியன் கையைப் பிடித்து நேரே வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். அந்தத் தெருவையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆண்கள் வரிசையாக இருந்து சாண் அகலத்துக்கும் குறைந்த பட்டையாக அசோ ஓகே துணி நெய்கிறார்கள். பாவு நூல் தறியிலிருந்து முற்றத்தைத் தாண்டி நீளமாக ஓடும், அதன் மறுநுனி பாரக்கல் வைத்த ஒரு சின்னச் சறுக்குப் பலகையில் கட்டியிருக்கும். நெய்ய நெய்ய அந்தக் கல் அங்குலம் அங்குலமாகத் தறியை நோக்கி இழுபட்டு வரும். கோழிகளும் பிள்ளைகளும் நூலுக்கு மேலால் பாய்ந்து போகிறார்கள், நெசவுகாரர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

மின்சாரம் வரும், போகும். வந்தவுடன் ஊர் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் "அப் நேப்பா!" என்று கத்துவார்கள். நேப்பா என்ற மின்சார சபையைக் கலைத்து இருபது வருடமாகிறது, கூச்சல் மட்டும் அப்படியே நிற்கிறது. பணக்கார வீட்டில் ஜெனறேற்றர் இரையும். தொண்ணூறுகளில் ஜாம்போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது, இதற்கெல்லாம் நாங்கள் அசைய மாட்டோம். உங்கள் வயதுக்காரர் ஒரு பவர்பாங்க் எடுத்துப் போங்கள்.

பெரியவர்களுக்கு மரியாதை செய்வது அங்கே எங்களைவிட ஒரு படி கூட. ஆண் பிள்ளைகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுவார்கள், பெண்கள் முழங்காலில் இருப்பார்கள். வெளியூரவன் குனிந்தாலே மனம் குளிர்ந்துவிடுவார்கள். ஆனால் மாப்பிள்ளையின் கூட்டாளி என்றபடியால் நீங்களும் மாப்பிள்ளைத் தோழன்தான், ஆகவே உங்களுக்குத் தப்ப வழியில்லை. பெண் வீட்டார் முன்னால் மாப்பிள்ளையும் தோழர்களும் வரிசையாக நிலத்தில் கிடக்க வேண்டும், ஒரு தரமல்ல, அந்த நிகழ்ச்சியை நடத்தும் அலாகா என்கிற அம்மா போதும் என்று சொல்லும்வரை. அவ பாட்டுப் படித்து, நக்கலடித்து, உங்கள் பொக்கற்றிலிருந்து காசும் கறப்பா. சில்லறைத் தாள் வைத்திருங்கள், உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். ஆடுகிறவர்கள் மேல் நைரா நோட்டை வீசுவது அங்கே ஊர்வழக்கம்தான், ஆனால் 2007ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி குற்றம், ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். 2024இல் பெயர்பெற்ற ஆள் ஒருவரே அதற்காக உள்ளே போய் வந்தார். சட்டம் தெரிந்தும் கலியாண வீட்டில் வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நீங்கள் வீச வேண்டாம். தோழர்களெல்லாம் ஒரே துணியில் தைத்துப் போடும் அசோ எபி என்ற வழக்கமும் உண்டு. துணிக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும், ஆகவே விலையை முன்பே கேளுங்கள். அளவையும் இங்கிருந்தே அனுப்பிவிடுங்கள், டிசம்பரில் அங்கத்தைய தையற்காரரைப் பிடிப்பது எங்கள் ஊரில் தைப்பொங்கலுக்கு முதல்நாள் தையற்காரரைப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

இக்போ ஓரா பற்றி இன்னும் ஒன்று. ஊர் வாசலிலேயே இரட்டையர் பூமி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் ஆயிரம் பிரசவத்துக்கு நாற்பத்தைந்து அளவில் இரட்டைப் பிள்ளைகள் என்று எழுபதுகளில் ஆராய்ச்சி செய்தவர்கள் கணக்கெடுத்தார்கள், உலகச் சராசரி பன்னிரண்டு அளவுதான். இராசவள்ளி இனத்துக் கிழங்கும் வெண்டி இலைக் கறியும்தான் காரணம் என்று ஊரவர் சத்தியம் பண்ணுவார்கள், விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. முதலில் பிறந்த பிள்ளை தாய்வோ, இரண்டாவது கெஹிண்டே. இரண்டாவதுதான் மூத்தது, உலகம் எப்படி என்று பார்த்துவிட்டு வா என்று தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு ஆறுதலாக வந்தவராம். சபையில் யார் மூத்தவர் என்று நீங்களாக முடிவுகட்டி வாயைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் பரம்பரைச் சைவம். மகன் கூடப் படித்தவனைப் பார்க்க அபெயோகுட்டா போகிறான். பட்டினி கிடப்பானோ? – ஒரு தாய், நல்லூர்

பதில்: கிடக்கமாட்டான் அம்மா, ஆனால் "மச்சம் வேண்டாம்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. இறைச்சி இல்லையென்றால் மீன் போடுவார்கள், மீனும் இல்லையென்றால் கூனி இறால் தூள் போடுவார்கள், அது அவர்கள் கணக்கில் மச்சமே இல்லை. பொன்மோ என்று ரப்பர் மாதிரி மிதப்பது மாட்டுத் தோல். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று போவதற்கு முன்பே சிநேகிதனின் தாய்க்குச் சொல்லிவிடச் சொல்லுங்கள், மேசையில் வந்த பிறகு சொன்னால் அவவுக்கு மனம் நோகும்.

அவன் பயமில்லாமல் சாப்பிடக்கூடியது நிறைய. காலையில் அக்காரா என்று தட்டைப்பயறை அரைத்துச் சுடச்சுட எண்ணெயில் பொரித்துத் தருவார்கள், எங்கள் வடைக்குச் சொந்தக்காரன். அதே மாவை இலையில் அவித்தால் மொயின் மொயின், அதற்குள் முட்டையோ மீனோ ஒளிந்திருக்கும், கேட்டுச் சாப்பிடவேண்டும். பொரித்த வாழைப்பழம், அவித்த கிழங்கு, செம்பனை எண்ணெயில் காரமாக வதக்கிய சம்பலோடு பயறு. மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்த "காரி" என்கிற குறுணலைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சீனியும் நிலக்கடலையும் சேர்த்துக் குடிப்பார்கள், வெயிலுக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். இடித்த கிழங்கு உருண்டையைக் கையால் பிட்டுக் கறியில் தோய்த்து விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. அதற்கு வரும் கறியில்தான் அவன் கவனமாக இருக்க வேண்டும். வலது கையால் சாப்பிடுவது, இடது கையால் எதையும் நீட்டாதது இரண்டும் நீங்கள் ஏற்கெனவே பழக்கிவிட்டிருப்பீர்கள்.

கேள்வி: என்னுடைய அப்பா எழுபதுகளின் கடைசியில் நைஜீரியாவில் படிப்பித்தவர். பெண்டெல் மாநிலம், அவுச்சி என்று பழைய நீலக் கடிதங்களில் இருக்கிறது. இணையத்தில் அந்த மாநிலமே இல்லை. அங்கே அப்பாவின் மாணவர் ஒருவரைப் பார்க்க ஆசை. – தங்கை, வட்டுக்கோட்டை

பதில்: தங்கச்சி, அப்பா போன காலம் அங்கே எண்ணெய்க் காசு கொட்டிய காலம். 1976இல் எல்லாப் பிள்ளைக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அரசாங்கம் அறிவிக்க, பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ பட்டதாரிகள் பெட்டி கட்டினார்கள். அப்போது ஒரு நைரா ஒரு டொலரைவிடப் பெறுமதி கூட, இதைக் கேட்டால் இப்போதைய நைஜீரியப் பெடியன்களே நம்பமாட்டார்கள். எண்பதுகளில் நைரா விழ, ஊரிலும் நிலைமை கெட, பலர் அப்படியே லண்டன், கனடா என்று போய்விட்டார்கள்.

பெண்டெல் 1991இல் எடோ, டெல்டா என்று இரண்டானது. அவுச்சி இப்போது எடோ மாநிலத்தில் இருக்கிறது. (கொங்கோலா என்று கடிதம் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அது இப்போது அடமாவா, தராபா. அங்கே இப்போதைக்கு ஆசைப்பட வேண்டாம்.) பள்ளிக்கூடத்தின் பெயரைக் கண்டுபிடித்து, அதன் பழைய மாணவர் சங்கத்தைப் பேஸ்புக்கில் தேடுங்கள். நைஜீரியர்கள் இந்த விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்களில்லை, எந்த ஆண்டு அணிக்கும் தனித்தனி வட்ஸ்அப் குழு வைத்திருப்பார்கள். அப்பாவின் ஒரு பழைய படத்தையும் அவர் படிப்பித்த பாடத்தையும் போட்டால் போதும். மாணவர்களுக்கு இப்போது அறுபது வயதாகியிருக்கும், கெதியாகச் செய்யுங்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் பழகிய நைஜீரியச் சிநேகிதி தன் ஊருக்கு வரச்சொல்கிறாள். விசாவையும் தானே எடுத்துத் தருவாளாம், முதலில் 400 டொலர் அனுப்பட்டாம். – பெயர் வேண்டாம், மானிப்பாய்

பதில்: அனுப்ப வேண்டாம். நைஜீரியக் குற்றவியல் கோவையின் 419ஆம் பிரிவு இதற்குத்தான், ஏமாற்றுக்காரனுக்கே அங்கே "நாலு ஒன்று ஒன்பது" என்றுதான் பெயர். உண்மையான சிநேகிதியென்றால் விசாக் கட்டணத்தை நீங்களே அரசாங்கத் தளத்தில் கட்டுவதில் அவளுக்கு என்ன நட்டம்? வீடியோ கோலில் தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள், அன்றோடு கதை முடிந்துவிடும். நேரே ஒரு தரமும் கண்டிராத ஆளின் வீட்டுக்கு, அது நைஜீரியா என்றாலும் நெடுந்தீவு என்றாலும், பிளேனும் வள்ளமும் ஏற வேண்டாம்.

கேள்வி: நைஜீரியக் கலியாண வீட்டுக்கு என்ன கொண்டு போகலாம்? தேயிலையும் மணப்பெண்ணுக்கு ஒரு சாறியும் என்று யோசிக்கிறோம். – தம்பதியர், பருத்தித்துறை

பதில்: தேயிலை நல்லது, ஆனால் அங்கே பலருக்கு மைலோவும் ரீதான், போர்ன்விட்டாவும் ரீதான், உங்கள் நுவரெலியாத் தேயிலைக்குள்ளும் ரின்பாலை ஊற்றிச் சீனியைக் கொட்டுவார்கள். பனங்கட்டிக் குட்டான் கொண்டு போங்கள், நான் கொண்டுபோனது வந்த அன்றே முடிந்தது. வீட்டில் இடித்த மிளகாய்த்தூளும் கொடுக்கலாம், உறைப்புக்கு அவர்கள் எங்களிடம் தோற்கமாட்டார்கள்.

சாறியைக் கொடுக்கலாம், உடுத்திவிடத்தான் ஆளில்லை. தமிழ்நாட்டுத் துணி அந்த நாட்டுக்குப் புதிதுமில்லை, நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் மதராஸ் கட்டம்போட்ட துணியைத் தலைமுறை தலைமுறையாக வாங்கி, அதில் சில நூல்களைக் கத்தியால் நறுக்கி உருவித் தங்களுக்கென்று ஒரு புதுக் கோலம் எடுக்கிறார்கள். உங்கள் காஞ்சிபுரத்தையும் அந்தப் பிள்ளை நாளைக்கே தையற்காரரிடம் கொடுத்து, சட்டையும் தலைப்பாகையுமாக வெட்டித் தைத்துவிடும். அதைப் பார்க்க மனம் பொறுக்குமென்றால் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் குட்டானை இரண்டு சரம் கூட்டுங்கள்.